ஏப்ரலில் டூலிப் பார்க்க நெதர்லாந்து: அப்பா அம்மாவோடு போகிறோம், எங்கே தங்கலாம், எதையெல்லாம் பார்க்கலாம்?

வைகைக்கரை

அடுத்த ஏப்ரலில் அப்பா, அம்மா, கணவர், நான் என்று நான்கு பேரும் நெதர்லாந்து போகிறோம். முதல் காரணம் அம்மா. மதுரையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி முழுக்கப் பூந்தொட்டிதான். டூலிப் வயலை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பழைய ஊர், அருங்காட்சியகம், கல்வெட்டு என்றால் சாப்பாடு தண்ணீர் வேண்டாம். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது. அப்பாவுக்கு முழங்கால் தொந்தரவும் உண்டு.

விசாரித்த டூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே திட்டத்தைத்தான் நீட்டுகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ராத்திரி, அதில் ஒரு மதியம் கோய்கன்ஹோஃப் தோட்டம், கால்வாயில் படகு, ஒரு காற்றாலை, மறுநாள் பெல்ஜியம். இவ்வளவு செலவழித்துப் போய் நாலு மணி நேரம் மட்டும் பூப் பார்ப்பதா என்று மனசு கேட்கவில்லை. ஐந்தாறு நாள் நெதர்லாந்திலேயே இருக்க எங்களால் முடியும்.

ஏப்ரலில் எந்த வாரம் சரி? எங்கே தங்கினால் அலைச்சல் குறையும்? தோட்டத்துக்குள் பார்ப்பதும் வயலில் பார்ப்பதும் ஒன்றுதானா? அப்பாவுக்கு ஏற்ற இடங்கள் பக்கத்தில் என்ன இருக்கின்றன? போய் வந்தவர்களும் அங்கேயே இருப்பவர்களும் சொல்லுங்கள்.

ஆம்ஸ்டல்வீன் குமரன்

உங்கள் மூன்றாவது கேள்விதான் முக்கியம், அதிலிருந்து தொடங்குகிறேன். தோட்டம் வேறு, வயல் வேறு. இது பிடிபட்டுவிட்டால் தேதி, தங்குமிடம் எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

கோய்கன்ஹோஃப் ஒரு காட்சித் தோட்டம். லிஸ்ஸ என்ற ஊரில் 32 ஹெக்டேரில் இருக்கிறது. பூக்கிழங்கு வளர்ப்போரும் ஏற்றுமதி செய்வோருமாகச் சேர்ந்து 1949-இல் திட்டம் போட்டு, 1950-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இன்றைக்கும் அது வளர்ப்போரின் காட்சிக்கூடம்தான். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். பல பாத்திகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு நடவு: அடியில் தாமதமாகப் பூக்கும் ரகம், மேலே முந்திப் பூக்கும் ரகம். ஒன்று வாடும்போது அடுத்தது தலை தூக்கும். மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து மே இரண்டாம் வாரம் வரை, ஏறக்குறைய எட்டு வாரம் திறந்திருக்கும். அதற்குள் எந்த நாள் போனாலும் கண்ணுக்குப் பூ உண்டு. வெளியே குளிர் தாமதித்தாலும் உள்ளே கண்ணாடிக் கூடங்களில் டூலிப், ஆர்க்கிட் எல்லாம் வைத்திருப்பார்கள்.

வயல் அப்படியில்லை. அங்கே விளைச்சல் என்பது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. பூ விரிந்ததும் ரகம் சுத்தமாக இருக்கிறதா, நோய் உண்டா என்று விவசாயி பார்ப்பார். பார்த்து முடித்ததும் எந்திரத்தை ஓட்டிப் பூத் தலையை மட்டும் கொய்துவிடுவார். இலை அப்படியே நிற்கும். செடியின் சத்து விதைக்குப் போகாமல் கிழங்குக்கு இறங்கவே இந்த வேலை. கோடையில் கிழங்கைத் தோண்டி எடுப்பார்கள். அதனால் இன்று சிவப்பாக இருந்த வயல் நாளை வெறும் பச்சையாகிவிடலாம். பூக்கடையில் விற்கும் டூலிப் இந்த வயலிலிருந்து வருவதில்லை. அது பெரும்பாலும் குளிர்காலத்திலேயே கண்ணாடிக் குடிலில் வளர்த்து எடுப்பது.

லிஸ்ஸ பக்கத்து வயல்களில் வரிசை இப்படி: மார்ச் கடைசியில் நார்சிசஸ், ஏப்ரல் தொடக்கத்தில் ஹயசிந்த் (காற்றோடு வரும் அதன் வாசனைக்காகவே போகலாம்), ஏப்ரல் நடுவிலிருந்து மாதக் கடைசி வரை டூலிப். வெயில் முந்தினால் எல்லாம் ஒரு வாரம் முந்தும். அம்மாவுக்காக என்றால் ஏப்ரல் 15-க்கும் 25-க்கும் இடையில் வாருங்கள். 27-ஆம் தேதி மன்னர் பிறந்தநாள். அன்று ஆம்ஸ்டர்டாமில் ரயில், தெரு எல்லாம் ஆரஞ்சு உடை போட்ட கூட்டம்தான். முழங்கால் வலிக்காரரோடு அந்த நாளில் அங்கே நடக்க வேண்டாம்.

தங்க நான் சொல்வது லெய்டன். ஸ்கிபோல் விமான நிலையத்திலிருந்து ரயிலில் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம். கோய்கன்ஹோஃபுக்கு நிலையத்திலிருந்தே நேரடிப் பேருந்து, அரை மணி நேரம்கூட ஆகாது. ஆம்ஸ்டர்டாமில் அறை வாடகையோடு 12.5 சதவீதம் சுற்றுலா வரி வேறு சேரும். கால்வாயும் பழைய வீடுகளும் லெய்டனிலும் உண்டு, நெரிசல் மட்டும் குறைவு.

நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பே வாங்கிவிடுங்கள். பேருந்தோடு சேர்ந்த சீட்டும் கிடைக்கிறது. காலை 8 மணிக்குக் கதவு திறக்கும்போது உள்ளே இருங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறங்கும். சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்பதிவு செய்யலாம். பாதைகள் சமமாகத்தான் இருக்கும், அப்பாவுக்குச் சிரமம் இருக்காது.

கோவை மாலதி

குமரன் சொன்னதோடு ஒண்ணு சேர்த்துக்கறேனுங்க. உள்ளே ஒரு பழைய காற்றாலை இருக்குதுங்க. 1892-இல் குரோனிங்கன் பக்கம் கட்டினது, 1957-இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினாங்க. அதன் மேல்தளத்தில் நின்னா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வயல் பட்டை பட்டையாத் தெரியும். அதன் அடியிலிருந்தே சத்தமில்லாத மின்படகு ஒண்ணு வயல்களுக்கு நடுவுல வாய்க்கால்ல கூட்டிட்டுப் போகும். நடக்க முடியாதவங்களுக்கு வயலைக் கிட்டத்துல பார்க்க அதைவிட நல்ல வழி இல்லீங்க. உள்ளே போனதும் முதல் வேலையா அதுக்குச் சீட்டு வாங்கிடுங்க, மதியத்துக்கு மேல இடம் கிடைக்கறது கஷ்டம்.

இன்னொண்ணும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. பூ மட்டும்தான் நோக்கம்னா ஸ்ரீநகர்ல ஜபர்வான் மலை அடிவாரத்துல டூலிப் தோட்டம் இருக்குது. மார்ச் கடைசியில் திறந்து ஏப்ரல் நடு வரைக்கும் இருக்கும். தால் ஏரி ஒரு பக்கம், பனிமலை ஒரு பக்கம். செலவும் கால்வாசிதான் ஆகும். விசா அலைச்சலும் இல்லை. யோசிச்சீங்களா?

வைகைக்கரை

யோசித்தோம் மாலதி. அம்மாவுக்கு அலங்காரத் தோட்டத்தைவிட விவசாயம் நடக்கும் வயலில்தான் ஆசை. "அவங்க மண்ணை எப்படி வச்சிருக்காங்கன்னு பாக்கணும்" என்கிறார். அப்பாவுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பயணம், அதனால் நெதர்லாந்தே.

வடகடல்

வணக்கம் தங்கச்சி. நான் கனகாலமா டென் ஹெல்டருக்குக் கிட்ட இருக்கிறன். எல்லாரும் லிஸ்ஸ, லிஸ்ஸ எண்டு சொல்லுவினம். ஆனா இந்த நாட்டில கிழங்கு வயல் ஆகக் கூடுதலா இருக்கிறது எங்கட பக்கம், வட ஹொலண்ட் மாகாணத்தின்ர வடக்குத் தலைப்பில. அம்மாவுக்கு வயல்தான் முக்கியம் எண்டால் ஒரு நாளை இஞ்சால ஒதுக்குங்கோ.

ஆம்ஸ்டர்டாம் சென்ட்ரலில இருந்து டென் ஹெல்டருக்கு நேர ரயில் ஓடுது, ஒண்டேகால் மணித்தியாலம். ஸ்காகன் ஸ்டேஷன் கழிஞ்சாப் பிறகு யன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதேங்கோ. அன்னா பவ்லோனா எண்ட ஊர் வரைக்கும் ரெண்டு பக்கமும் வயல். ஏப்ரல் கடைசி, மே முதல் கிழமையில அந்த ஊர்ச் சனம் ஹயசிந்த் இதழ்களை ஒவ்வொண்டாக் குத்திப் படங்கள் செய்து வீட்டு வாசலில வைக்கிறவை. ஊர் முழுக்க வைப்பினம். காசு குடுத்துப் பாக்கிற இடமில்லை அது, தங்கட ஊருக்காகச் செய்யினம்.

டென் ஹெல்டரிலயே எங்கட வரதராஜ செல்வவிநாயகர் கோயில் இருக்கு. இஞ்ச வந்த ஈழத்துச் சனம் கட்டினது. காலமை வயலைப் பாத்திட்டு, பூசை நேரத்தைக் கேட்டு வைச்சுக்கொண்டு கோயிலுக்கு வாங்கோ. அப்பா அம்மாவுக்கு ஊரை விட்டு வந்த களைப்பு அதோட போயிடும். டூலிப் வயலுக்கு நடுவால போய்ப் பிள்ளையாரைக் கும்பிடுற வாய்ப்பு வேற எங்க கிடைக்கும்?

அம்மா மண்ணைப் பற்றிக் கேட்டவ எல்லோ? மணல்மேட்டுக்குப் பின்னால இருக்கிற மண் அது. கடல் மணலும் சுண்ணாம்பும் கலந்தது, தண்ணி தேங்காது. அதே நேரம் கால் மீட்டருக்கும் முக்கால் மீட்டருக்கும் இடையில கீழ எப்பவும் ஈரம் நிக்கிற மாதிரி வாய்க்கால் மட்டத்தை வைச்சிருப்பினம். கிழங்கு அழுகாமல் இருக்கிறதும், வேர் காயாமல் இருக்கிறதும் அந்தத் தண்ணி மட்டத்தில தான் இருக்கு. குளிருக்கு நட்ட வயலுக்கு மேல வைக்கோல் பரப்புறவை. மாசியில வந்து பாத்தா நிலம் முழுக்க வைக்கோல் போர்வைதான்.

செப்பேடு

வைகைக்கரை, உங்கள் அப்பாவை லெய்டனில் தங்க வைப்பது என்றால் அவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வரலாற்று ஆசிரியர் என்றால் அவருக்கே தெரிந்திருக்கும்.

நான் நாகப்பட்டினத்துக்காரன். ஸ்ரீவிஜய அரசன் சூளாமணிவர்மன் பெயரால் எங்கள் ஊரில் எழுந்த புத்த விகாரத்துக்கு, ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தான். அந்தக் கொடையைச் சொல்வதுதான் ஆனைமங்கலச் செப்பேடு. 21 ஏடுகள், ஐந்து சமஸ்கிருதம், பதினாறு தமிழ். ராஜேந்திரன் முத்திரை பதித்த வளையத்தில் கோத்தவை. குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேடு ஒன்றும் உண்டு, அதில் மூன்று ஏடுகள். இரண்டும் நெடுங்காலம் லெய்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்ததால்தான் ஆய்வாளர்கள் இவற்றை லெய்டன் செப்பேடுகள் என்றே எழுதினார்கள். நாகப்பட்டினத்தை 1658 முதல் 1781 வரை டச்சுக் கம்பெனி வைத்திருந்தது. அந்தக் காலத்தில் கடல் கடந்தவை இவை. ஒரு குடும்பத்தின் கைகளில் இருந்து, 1862-இல் பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்தன. விகாரத்தின் மிச்சமாக நின்ற கோபுரத்தை 1867-இல் இடித்துவிட்டார்கள். ஆக, அந்த விகாரத்தைப் பற்றி நமக்கு வாய் திறந்து பேசுவது அந்தச் செம்பு ஏடுகள்தான்.

இவை நம்முடையவை, திரும்பி வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. இந்திய அரசும் கேட்டு வந்திருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் எல்லோரும் பார்க்க வைத்த பொருளும் இல்லை இது. போவதற்கு முன் நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவுக்கு எழுதி, இப்போதைய நிலை என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் டூலிப்புக்கும் தொடர்பு உண்டு. லெய்டனில் ராப்பன்பர்க் கால்வாய் வட்டாரத்தில்தான் 1590-இல் நிறுவிய பல்கலைக்கழகத் தாவரத் தோட்டம் இருக்கிறது. 1593-இல் அங்கே பொறுப்பேற்க வந்தவர் தாவரவியலாளர் கரோலஸ் குளூசியஸ். துருக்கிப் பக்கத்திலிருந்து வந்த டூலிப் கிழங்குகளைக் கையோடு கொண்டுவந்தார். 1594 வசந்தத்தில் அவை லெய்டனில் பூத்தன. அவர் காலத்துப் பட்டியலை வைத்து அன்றைய தோட்டத்தை மறுபடி அமைத்திருக்கிறார்கள். சின்னச் சின்னப் பாத்திகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து செடிதான். கோய்கன்ஹோஃப் பார்த்த கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றலாம். உங்கள் அம்மாவுக்கு அப்படித் தோன்றாது என்று நினைக்கிறேன்.

ஆம்ஸ்டல்வீன் குமரன்

செப்பேடு ஐயா சொன்னதைப் படித்ததும் இன்னொன்று. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியத்தின் ஆசியக் கூடத்தில் சோழர் காலத்து நடராஜர் இருக்கிறார். சுமார் ஒன்றரை மீட்டர் உயரம், எடை ஏறக்குறைய 300 கிலோ. ரெம்பிராண்ட் ஓவியத்தின் முன் கூட்டம் முண்டும். ஆசியக் கூடத்தில் நீங்கள் நடராஜரோடு தனியாக நிற்கலாம். அங்கேயே டெல்ஃப்ட் நீலப் பீங்கானில் ஆளுயரப் பூக்கோபுரங்களும் பாருங்கள், 17-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அரண்மனைகளுக்காகச் செய்தவை. தட்டுத் தட்டாக ஏறும், ஒவ்வொரு மூக்கிலும் ஒரு பூச் செருகுவார்கள்.

வடகடல்

அதே மியூசியத்தில கண்டி அரசன்ர பீரங்கி கனகாலம் இருந்தது. 2023-இல இலங்கைக்குத் திருப்பிக் குடுத்திட்டினம். செப்பேட்டுக்கும் அப்பிடி ஒரு நாள் வரவேணும்.

தெற்குமாசி

நான் சுருக்கமாக ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். கோய்கன்ஹோஃபை விட்டுவிடுங்கள். எட்டு வாரத்தில் பதினான்கு லட்சம் பேர் வரைக்கும் வந்து போகும் இடம். படம் எடுக்க வரிசை, காபிக்கு வரிசை. அந்தப் பணத்தில் சைக்கிளோ காரோ எடுத்து வயல் பக்கம் சுற்றலாம், அது இலவசம். பாட்டுக் காட்சியில் வருவது போல வரிசைகளுக்கு நடுவில் நின்று படம் எடுக்கலாம்.

ஆம்ஸ்டல்வீன் குமரன்

தெற்குமாசி, வயலைச் சுற்றிப் பார்க்கச் சொன்னது சரி. வரிசைக்குள் இறங்குவதை மட்டும் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். அது ஒருவருடைய பயிர். செருப்பில் ஒட்டிய மண்ணோடு நூற்புழுவும் பூஞ்சை நோயும் ஒரு வயலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஒடிந்த இலையால் அந்த வருடம் கிழங்கு பெருக்காது. பல வயல்களில் ஓரத்தில் கயிறு கட்டி, கெஞ்சிக் கேட்டு அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். அதையும் தாண்டிப் போய் மிதிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. நெல்லு வயலுக்குள் இறங்கி யாரோ ஆடிவிட்டுப் போனால் நம் ஊர் விவசாயி சும்மா இருப்பாரா? கட்டணம் வாங்கிக்கொண்டு படம் எடுக்கவே சில பண்ணைகள் தனி வயல் ஒதுக்கியிருக்கின்றன. அங்கே போகலாம், பறித்தும் வரலாம்.

கோய்கன்ஹோஃபை விடச் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. சுமார் 800 டூலிப் ரகங்களைப் பெயர்ப் பலகையோடு ஓரிடத்தில் வேறு எங்கே பார்ப்பது? கூட்டம் காலை எட்டு மணிக்கு இல்லை.

தெற்குமாசி

நோய் பரவும் என்று எனக்குத் தெரியாது. எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சைக்கிள் விஷயத்தில் நான் சொன்னது நிற்கும். தோட்ட வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. சந்திப்புக்குச் சந்திப்பு எண் பலகை உண்டு, எண்ணைப் பிடித்துப் போனால் வழி தப்பாது. நீங்களும் கணவரும் ஒரு மாலை சுற்றிவிட்டு வாருங்கள். பெரியவர்களுக்கு லெய்டனிலிருந்து ஹார்லம் போகும் ரயில் போதும். வோர்ஹவுட், ஹில்லகோம் நிலையங்கள் பக்கம் தண்டவாளத்தை ஒட்டியே வயல்கள். முடிந்தால் அந்த ரயிலில் இரண்டு தடவை போய் வாருங்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. செப்பேடு ஐயா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். சாயங்காலத்திலிருந்து பழைய நோட்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். லெய்டன் என்று முடிவாகிவிட்டது.

இன்னும் சில சந்தேகங்கள். அம்மா சுத்த சைவம், முட்டை கூடக் கிடையாது. சாப்பாடு எப்படி? ரயில், பேருந்துக்குச் சீட்டு எப்படி வாங்குவது? காற்றாலைக்கு எல்லோரும் சொல்லும் கிண்டர்டைக் போக வேண்டுமா? ஹார்லமில் என்ன இருக்கிறது?

கோவை மாலதி

சாப்பாட்டுக்கு நான் சொல்றேனுங்க. பூரி அளவுக்குச் சின்னதா ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் எங்கேயும் கிடைக்கும். ஆனா அம்மா அந்தளவு பார்க்கிறவங்கன்னா ஒரு விஷயம் தெரிஞ்சுக்கோங்க. அங்கத்து வழக்கமான கௌடா பாலாடைக்கட்டியை உறைய வைக்கறது பெரும்பாலும் கன்றுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற பொருளை வெச்சு. சைவ உறைபொருள் போட்டதும் விக்கறாங்க, அட்டையில பார்த்து, கேட்டு வாங்கணும். பொஃபர்ட்யஸ்ங்கற குட்டி இனிப்பு ஆப்பத்துல முட்டை இருக்கும். ஸ்ட்ரோப்வாஃபல்லயும் அநேகமா இருக்கும்.

தி ஹேக் போனா சுரிநாம் இந்தியர் கடைகள் நிறைய. 1873-லருந்து சுரிநாமுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கொண்டுபோன ஜனங்களோட வாரிசுங்க அவங்க. உள்ளே பருப்பு வெச்ச ரொட்டியும், நம்ம காராமணிக்காய் பொரியலும் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். அங்கேருந்து எட்டி நடந்தா மௌரிட்ஸ்ஹவுஸ் ஓவிய அருங்காட்சியகம். முத்துக்காதணி போட்ட பெண் ஓவியத்தைப் பார்க்க எல்லாரும் ஓடுவாங்க. அதே மாளிகையில போஸ்கார்ட் 1618 வாக்குல வரைஞ்ச ஜன்னலோரப் பூச்சாடி இருக்குது. அம்மாவை அது முன்னாடி உட்கார வெச்சுருங்க. வேற வேற மாசத்துல பூக்கறதையெல்லாம் ஒரே சாடியில சேர்த்து வரைஞ்சிருப்பார்.

குளிருக்கு: ஏப்ரல் மதியத்துல 13, 14 டிகிரிதான், காத்து வேற. காது மூடற தொப்பி பெரியவங்களுக்குக் கட்டாயம்.

ஆம்ஸ்டல்வீன் குமரன்

சீட்டு: தொட்டால் வேலை செய்யும் விசா, மாஸ்டர்கார்டு அட்டை இருந்தால் போதும். ஏறும்போது ஒரு தட்டு, இறங்கும்போது ஒரு தட்டு, ரயில், பேருந்து, டிராம் எல்லாவற்றுக்கும் அதுவே. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். ஒரே அட்டையில் நான்கு பேர் போக முடியாது. இறங்கும்போது தட்ட மறக்க வேண்டாம் என்று அப்பா அம்மாவிடம் ஒவ்வொரு தடவையும் நினைவுபடுத்துங்கள்.

காற்றாலை: கிண்டர்டைக் 19 ஆலைகள் வரிசையாக நிற்கும் இடம், பெரும்பாலானவை 1738-1740 வாக்கில் கட்டியவை. பிரமாதமான இடம்தான், ஆனால் லெய்டனிலிருந்து போய்வர ஒரு முழு நாள் போகும், நடையும் நீளம். லெய்டன் நிலையத்துக்குப் பக்கத்திலேயே 1743-இல் கட்டிய டி வால்க் ஆலை அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் போகும் நாளில் சான்ஸ ஸ்கான்ஸில் இறங்கினால் இன்னும் சாயப்பொடி அரைக்கும் டி காட் ஆலையையும் பார்க்கலாம். மற்றவை எதுவும் அப்பாவின் முழங்காலுக்குத் தேவையில்லை.

நான் அழுத்திச் சொல்வது வேறொரு இடம், சுற்றுலாக்காரர்கள் அதிகம் போகாதது: ஹீம்ஸ்டேட் பக்கத்தில் குருக்கியஸ் நீராவி இறைப்பு நிலையம். நீங்கள் விமானத்தில் வந்து இறங்கும் ஸ்கிபோல் ஒரு காலத்தில் ஏரி. புயலில் கரையை அரித்து அரித்துப் பெருகிக்கொண்டே போன ஹார்லம் ஏரி. 1849-இலிருந்து 1852 வரை மூன்று நீராவி நிலையங்கள் இறைத்து அதை வற்ற வைத்தன. அதில் ஒன்றுதான் இது. உருளையின் குறுக்களவு 3.66 மீட்டர், நீராவி எந்திரங்களில் இதைவிடப் பெரியது கிடையாது. இன்றைக்கும் அந்த நிலம் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேதான். வடகடல் அண்ணன் சொன்ன வாய்க்கால் மட்டக் கணக்கு எப்படி நடக்கிறது என்பதை அங்கே ஒரு மாதிரி அமைப்பில் தண்ணீர் விட்டே காட்டுவார்கள். மண்ணை எப்படி வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட அம்மாவுக்கு இதைவிட நேரான பதில் எந்தப் பூந்தோட்டத்திலும் கிடைக்காது.

செப்பேடு

ஹார்லம் பற்றி நான். அளவுமீறி ஏறியிருந்த டூலிப் கிழங்கு விலை 1637 பிப்ரவரியில் விழத் தொடங்கியது அந்த ஊர் ஏலத்தில்தான். கிழங்கு மண்ணுக்குள் இருக்கும்போதே மதுக்கடையில் உட்கார்ந்து எழுத்தில் கைமாற்றினார்கள். வசந்தத்தில் கிழங்கைக் கொடுத்துப் பணம் வாங்குவதாக ஒப்பந்தம். ஒரு நாள் வாங்க ஆள் இல்லை. நாடே திவாலானது, கால்வாயில் குதித்துச் செத்தார்கள் என்றெல்லாம் பரவியிருக்கும் கதையை நம்ப வேண்டாம். நோட்டரிப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்த வரலாற்றாசிரியர்கள், அடிபட்டவர்கள் வசதியுள்ள வணிகர்களும் கைவினைஞர்களுமான ஒரு சிறு வட்டம்தான் என்று காட்டியிருக்கிறார்கள். கதை பெருகியது அன்றைய கேலித் துண்டறிக்கைகளால். ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இளைய யான் புருகெல் வரைந்த ஓவியம் ஒன்று உண்டு. குரங்குகள் உட்கார்ந்து டூலிப் விற்று வாங்கும்.

அன்று மிக உயர்ந்த விலை போனவை வெள்ளையில் சிவப்புக் கோடு ஓடிய பூக்கள். அந்தக் கோடு ஒரு வைரஸ் நோயின் அடையாளம், அசுவினி பரப்புவது. 1928-இல்தான் அது நிரூபணமானது. நோய் கிழங்கை வருடா வருடம் மெலிய வைக்கும். அதனால்தான் செம்பர் அகஸ்டஸ் என்ற புகழ்பெற்ற ரகம் இன்று உலகில் எங்கேயும் இல்லை.

பழைய ரகங்களைப் பார்க்க விரும்பினால் லிம்மன் என்ற ஊரில் ஹோர்ட்டஸ் புல்போரம் இருக்கிறது. 1595-இல் இருந்த ஒரு டூலிப் ரகம் உட்பட, கடைகளில் இருந்து மறைந்துபோன ஆயிரக்கணக்கான கிழங்கு ரகங்களை வருடா வருடம் தோண்டி, காயவைத்து, மறுபடி நட்டுக் காப்பாற்றுகிறார்கள். ஏப்ரலிலும் மே முதல் பாதியிலும் திறந்திருக்கும். வடகடல் வீட்டுப் பக்கம் போகும் வழிதான்.

ஹார்லம் பெரிய தேவாலயத்தின் குழலிசைப் பெட்டி 1738-இல் முடித்தது. 1766-இல் பத்து வயது மொஸார்ட் வந்து வாசித்தார். அப்பாவை அங்கே அரை மணி உட்கார விடுங்கள்.

தெற்குமாசி

தேதி தற்செயலாக ஒத்துவந்தால்: ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை நூர்ட்வைக்கிலிருந்து ஹார்லம் வரை 42 கிலோமீட்டர் பூத்தேர் ஊர்வலம் உண்டு, 1947-இலிருந்து நடப்பது. தேர்களில் பெரும்பகுதி ஹயசிந்த். லிஸ்ஸ பக்கம் அன்று பேருந்து எல்லாம் தாமதமாகும். கோய்கன்ஹோஃப் போக அந்த நாள் வேண்டாம். ஊர்வலம் போன மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தேர்களை ஹார்லமில் நிறுத்தி வைப்பார்கள். நெரிசலில்லாமல் கிட்டே நின்று பார்க்கலாம், பெரியவர்களுக்கு அதுதான் வசதி.

வடகடல்

இன்னுமொண்டு, அப்பாவோட கதைக்கிறதுக்கு. 1944-45 பனிக்காலத்தில, ஜெர்மன்காரன் பிடிச்சு வைச்சிருந்த மேற்குப் பகுதிக்குச் சாப்பாடு வராமல் நிண்டுபோச்சு. நடாமல் கிடந்த டூலிப் கிழங்கை இந்தச் சனம் அவிச்சுச் சாப்பிட்டது. நடுவில இருக்கிற குருத்தை எடுத்துப்போட்டு, மிச்சத்தை அவிச்சு, அரைச்சுக் கஞ்சியாக் குடிச்சவை. எங்கட பக்கத்து வீட்டு மூதாட்டி அதைச் சொல்லேக்க நாங்கள் எங்கட இடம்பெயர்வுக் காலத்தைச் சொன்னனாங்கள். அதுக்குப் பிறகு அவ எங்கட வீட்டுக்குச் சொந்தக்காரி மாதிரி. ஆம்ஸ்டர்டாமில எதிர்ப்பியக்க அருங்காட்சியகத்தில அந்தக் காலத்துச் சாமான்கள் இருக்கு, நேரமிருந்தால் போங்கோ.

வைகைக்கரை

அம்மாவின் கடைசிக் கேள்வி இது, அவரே சொல்லச் சொன்னார்: கிழங்கு வாங்கி வந்து மதுரையில் நட முடியுமா?

கோவை மாலதி

நேராச் சொல்லிடறேனுங்க: டூலிப் மதுரையில் பிழைக்காது. அந்தக் கிழங்குக்குப் பூக்கறதுக்கு முன்னாடி பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் 9 டிகிரிக்குக் கீழ குளிர் வேணும். குளிர்பதனப்பெட்டியில வெச்சு எடுத்து ஒரு தடவை பூக்க வைக்கலாம். அடுத்த வருஷத்துக்குக் கிழங்கு தேறாது. ஏப்ரல்ல வயல்ல இருக்கற கிழங்கைத் தோண்டறதே கோடையிலதான். தோட்டத்துல இப்ப பதிவு பண்ணினா இலையுதிர்காலத்துலதான் அனுப்புவாங்க. இந்தியாவுக்குள்ள நடவுக் கிழங்கு கொண்டுவர இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுத் தாவரநலச் சான்றும் வேணும். பையில போட்டுட்டு வந்துடாதீங்க.

கிழங்குப் பூ வளர்க்கணும்னு அம்மாவுக்கு ஆசைன்னா அமரில்லிஸ் கேளுங்க. நம்ம வெயிலுக்குத் தாங்கும், தொட்டியிலயே வரும், இங்கத்து நர்சரிகள்லயே கிழங்கு கிடைக்குது. கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேல தெரியற மாதிரி நட்டு, மழைக்காலம் முடிஞ்சதும் ரெண்டு மாசம் தண்ணியை நிறுத்திடணும். திரும்ப விட ஆரம்பிச்சா முதல்ல தண்டுதான் வரும், இலை அப்புறம். சிவப்புல வெள்ளைக் கோடு ஓடற ரகமும் இருக்குது, அது நோய் இல்லாத கோடு.